அம்மாவின் இடது காது

என் குரல் ரொம்ப மென்மையானது, ஐயா. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட என் மனைவி மூன்றாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். அந்தக் குரல்தான் ஓர் அமைச்சரை உண்டாக்கியது என்றால் சிரிப்பீர்கள்.

நாங்கள் எல்லாரும் அம்மா என்று கூப்பிடும் அந்த அமைச்சர் முதலில் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை வாசலில் மறியலுக்கு உட்கார்ந்து அடிவாங்கி, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே தெரியாத ஆண்கள் நிறைந்த கட்சியில் முட்டிமோதி மேலே வந்தவர். அது அவர் சாமர்த்தியம். ஆனால், 'ஒருதடவை பார்த்தால் மறக்கமாட்டார்' என்று அவருக்கு இருந்த பேர் என்னுடைய உழைப்பு. உதவியாளனாக அவர் இடதுதோளுக்குப் பின்னால் நிற்பேன். ஆள் எதிரே வரும்போதே காதில் ஊதிவிடுவேன்: "மாட்டு டாக்டர். சம்சாரத்துக்குச் சர்க்கரை."

"வாங்க டாக்டரே, சம்சாரத்துக்குச் சர்க்கரை குறைஞ்சுதா?"

டாக்டர் அங்கேயே உருகிவிடுவார். மாடுகளுக்கு ஓட்டு இருந்திருந்தால் அதுவும் எங்களுக்கே விழுந்திருக்கும். கட்சிக்காரர்கள் எனக்கு வைத்த பேர் 'பின்பாட்டு'.

ஒருநாள் அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, யார் முகமும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுடா. காலையில டிரைவரையே யாருன்னு யோசிச்சேன். என் மகளுக்கு மட்டும் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். பதவியெல்லாம் போதும்."

"கவலைப்படாதீங்கம்மா, சொல்லிடறேன்" என்றேன். சொல்லவில்லை. அவர் வீட்டோடு போய்விட்டால் நான் யார் தோளுக்குப் பின்னால் நிற்பது?

கொஞ்சம் விளையாட்டும் உண்டு, மறைப்பானேன். "ஓய் பின்பாட்டு, தள்ளி நில்லு" என்று ஒரு காண்ட்ராக்டர் என்னை அதட்டினார். அவருக்கு மனைவி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "என்னப்பா, சம்சாரத்தைக் கூட்டிட்டு வரல? சண்டையா?" என்று அம்மாவைக் கேட்கவைத்தேன். மனுஷன் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

போனில் தாய் பேசிய தினுசில் சந்தேகப்பட்டு மகள் தானாகவே வந்துவிட்டாள். மனு வாங்கும் கூட்டத்தில் அவளைப் பார்த்ததும் குனிந்தேன். "எதிர்க்கட்சி அனுப்பினதும்மா. மகள்னு சொல்லும். ஏமாந்துடாதீங்க."

"அம்மா, நான்தாம்மா."

"ஏண்டி, ஊர்ல வேற தாயே கிடைக்கலையா உனக்கு? என் மக வந்தா எனக்குத் தெரியாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெளியே போய் அவளிடம், "தெரிஞ்சேதான் அப்படிப் பேசினாங்க. நீங்க வந்தது பிடிக்கல" என்று பக்குவமாகச் சொன்னேன். போனவள் திரும்பவில்லை.

"மகளுக்குச் சொன்னியா தம்பி?" என்பார் அம்மா.

"சொல்லிட்டேம்மா. வேலையாம்."

அழுவார். அழுததை மறந்து மறுபடியும் கேட்பார். நானும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்வேன். மறுபடியும் முதலிலிருந்து அழுவார்.

பதவி போனது, கும்பலும் போனது. நான் மட்டும் கூடவே இருந்தேன். கடைசியில் "நீ யாருப்பா?" என்றபோது, "உங்க மகன்" என்று காதில் சொன்னேன். நம்பி என் தலையைத் தடவினார்.

இப்போது சாவுக்கு வந்த மகள் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஐயா, ஏதோ ஒரு வார்த்தை சொன்னதற்காகப் பெற்றவளை அழவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தாளே, அந்தக் கல்நெஞ்சக்காரியை உங்கள் சட்டம் ஒன்றுமே கேட்காதா?