ஒரு அளவு பெரிய சட்டை

சட்டை எடுக்கும்போது ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடுவது நல்லது. துவைத்தால் எப்படியும் சுருங்கத்தானே போகிறது என்று ரோஸலியிடம் சொல்லியிருந்தேன். பதினோரு வருடம் என் மனைவி அதை நம்பினாள். கட்டம் போட்ட துணி என்றால் இன்னும் விசேஷம். வெறும் வெள்ளையில் உள்ளே இருப்பதன் விளிம்பு தெரிந்துவிடும். கட்டத்தில் பார்ப்பவன் கண் தடுமாறும்.

வக்கீல் என்னை வாயைத் திறக்கவே கூடாது என்கிறார். அவரை இந்த விசாரணை அறைக்கு வெளியே இருக்கச் சொன்னது நான்தான் ஐயா. எனக்காக அவர் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறார். நல்ல கதை. அதைச் சொன்னால் அநேகமாக நான் வீட்டுக்குப் போய்விடலாம். ஏன் சொல்ல மாட்டேன் என்பதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஹார்லன் டீக், வயது ஐம்பத்தொன்பது. நெடுஞ்சாலை ஓரத்து மெத்தைக் கடையில் இருபத்திரண்டு வருட வேலை. இது உங்களுக்கும் தெரியும். டென்னசியில் இந்த மாதிரிச் சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது.

கைத்துப்பாக்கியைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வாங்கினேன். எதற்கு வாங்கினாய் என்று நேற்றிலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் அதைக் கேட்பதும், குடை எதற்கு வாங்கினாய் என்று கேட்பதும் ஒன்று. யாரும் என்னிடம் கொள்ளையடிக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் துப்பாக்கி. வலது இடுப்பில், கால்சட்டைக்கு உள்பக்கமாக ஓர் உறை. அவ்வளவுதான்.

வாங்கிய கையோடு எட்டு மணி நேர வகுப்பு ஒன்றுக்குப் போனேன். கர்லி என்ற ஓய்வுபெற்ற காவலர் நடத்தினார். சுடுவதைப் பற்றி அவர் சொன்னதில் பாதி மறந்துபோயிற்று. மறைப்பதைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "நீ வச்சிருக்கேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அப்புறம் அதை வீட்டுலயே வச்சிட்டு வரலாம்" என்றார். வகுப்பில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அது லேசான காரியம் இல்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்க இடுப்பை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும். உயரத்தில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கக் கூடாது, சட்டை ஏறிவிடும். காரிலிருந்து இறங்கியதும் சட்டையை இழுத்துவிடக் கூடாது. தெரிந்தவன் பார்த்தால் அந்த ஓர் இழுப்பிலேயே கண்டுகொள்வான். ஆகஸ்ட் மாத வெயிலில் உலோகம் தோலோடு ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் புண்ணாகி, ஆறி, காய்த்துப்போயிற்று. ரோஸலி கேட்டதற்கு வார்ப்பட்டை உராய்ந்தது என்றேன். அவள் களிம்பு தடவிவிட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கட்டிப்பிடிப்பது. எங்கள் ஜனங்கள் நல்லதுக்கும் கட்டிப்பிடிப்பார்கள், கெட்டதுக்கும் கட்டிப்பிடிப்பார்கள். நான் முந்திக்கொண்டு இடது தோளைக் கொடுப்பேன், வலது முழங்கையை விலாவோடு சேர்த்துக்கொள்வேன். என் மகள் மேவிஸின் கல்யாணத்தில் அப்படித்தான் நின்றேன். பெற்ற மகளை ஒரு கையால் அணைக்கிற அப்பனை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். அவள் வெள்ளை உடையில் நின்ற இடத்திலிருந்து ஒரு முழத்தில் அது இருந்தது, இருநூறு விருந்தாளிகளில் ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு அதுதான் சந்தோஷம்.

என்னைப்போல் சாதுவான மனிதன் இந்த ஊரில் இல்லை என்பார்கள். விசாரித்துப் பாருங்கள். அந்தச் சாந்தம் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அங்காடி வாசலில் நான் காரை நிறுத்தக் காத்திருந்த இடத்தில் ஒருவன் தன் வண்டியைச் சொருகிவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு போவான். முன்பென்றால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெடும். துப்பாக்கி வந்த பிறகு அவன் முதுகைப் பார்த்தபடி நிற்பேன். வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, போ என்று மனசுக்குள் சொல்லுவேன். அவன் போவான். காலணியோடு மெத்தையில் முக்கால் மணி நேரம் புரண்டுவிட்டு, இணையத்தில் விலை குறைவு என்று எழுந்து போன பெண்மணியையும் போகச் சொன்னேன். ரோஸலியின் கட்டியை வெறும் வாயு என்ற இளம் டாக்டரையும் விட்டேன். போன வசந்தத்தில் நீங்கள் உங்கள் பையனுக்குக் கட்டில் பார்க்க வந்தீர்களே, என்னை ஏதோ வேலைக்காரன் மாதிரி விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டீர்கள். நினைவிருக்கிறதா? உங்களையும் விட்டேன். அந்தக் கட்டில் நன்றாக இருக்கிறதா?

இப்படிப் பதினோரு வருடத்தில் எத்தனை பேர். ஒருவர்மேலும் கோபம் இல்லை. அவர்கள் உயிரோடு வீட்டுக்குப் போனது என் தயவு என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. அதிலே ஒரு நிம்மதி இருக்கிறது ஐயா, அனுபவித்தவனுக்குத்தான் புரியும்.

அந்த நிம்மதியைத்தான் லானி பாஸ்கம் கெடுத்தான்.

லானி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவன். ஆறடிக்கு மேல் உயரம், சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல். அவன் கட்டிப்பிடிக்காத ஆள் கிடையாது. அக்டோபர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. நான் கையில் தட்டோடு வரிசையில் நின்றேன், பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. லானி பின்பக்கமாக வந்து என்னை இரண்டு கையாலும் வளைத்துத் தூக்கினான். தட்டு பிடித்த கையால் என்ன செய்ய முடியும். அவன் கை வலது இடுப்பில் வந்து நின்றது.

"இது என்னப்பா ஹார்லன்? கோழிக்காலைத் திருடி இடுப்புல சொருகிட்டியா?"

"விடு லானி."

அவன் விடவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அந்த அடிக்குரலில் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏய், எல்லாரும் இங்க பாருங்க. நம்ம மெத்தைக்காரர் துப்பாக்கி வச்சிருக்காருய்யா" என்றான்.

அங்கே இருந்த ஆண்களில் பாதிப் பேர் வைத்திருப்பவர்கள்தான். "நானுந்தான் வச்சிருக்கேன், எனக்கு யாரும் கை தட்டலையே" என்று ஒருவன் குரல் கொடுத்தான். துப்பாக்கிக்காக யாரும் சிரிக்கவில்லை. நான் வைத்திருந்தேன் என்பதற்காகச் சிரித்தார்கள். லானி என் தோளில் கை போட்டுக்கொண்டு கேட்டான்: "உனக்கு யாருப்பா எதிரி? மெத்தை வாங்கினவன் எவனாவது முதுகு புடிச்சிக்கிச்சுன்னு தேடுறானா? சும்மா சொல்லு, யாருக்குப் பயப்படுற?"

நானும் சிரித்தேன். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன். வாழைப்பழப் புட்டிங்கூட எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸலி சமையலறையில் கைப்பையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷம்."

"என் தங்கச்சியை அடக்கம் பண்ணோமே, அன்னைக்கு?"

"இருந்தது."

"பேத்தி ஹேசல் பொறந்தப்போ ஆஸ்பத்திரியில? கொழந்தையைக் கையில வாங்கினியே?"

"இடது பக்கம்தான் வாங்கினேன்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பக்கத்துலயே படுத்திருக்கேன். களிம்பு தடவிவிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? அப்படி யாருக்குப் பயம் ஹார்லன்? எனக்கா?"

அதே கேள்வி. ஒரு நாளில் இரண்டாம் முறை.

அப்புறம் அது ஊர் முழுக்கப் பரவிற்று. காலைக் காபிக்குப் போனால் பரிமாறுகிற பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சுட்டுறாதீங்க ஹார்லன், முட்டை இப்ப வந்துடும்" என்பாள். சபையில் ஆளாளுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள், இடுப்பைத் தடவிப் பார்க்க. போதகர் ஒரு மாலை வீடு தேடி வந்து, பயத்தைக் கர்த்தர்மேல் போட்டுவிடுங்கள் என்று ஜெபம் செய்துவிட்டுப் போனார். அங்காடி வாசலில் எவனாவது முந்தினால், போ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பழைய நிம்மதி வரவில்லை. நான் அவனை விடுகிறேன் என்பது போய், நான் பயந்து ஒதுங்குகிறேன் என்று ஆகிவிட்டது. பதினோரு வருடமாக நான் விட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள்.

மூன்று வாரம் பொறுத்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

லானிக்கு முதுகுவலி என்று ஊருக்கே தெரியும். பேருந்து இருக்கை அப்படி. புதன்கிழமை நானே அவனுக்குப் போன் செய்தேன். "புது மெத்தை ஒண்ணு வந்திருக்கு லானி. உன் முதுகுக்குன்னே செஞ்ச மாதிரி. மத்தியானம் வந்து படுத்துப் பாரு" என்றேன். புதன் மத்தியானம் கடையில் நான் ஒருவன்தான். கடைசி வரிசையில் காமிரா கிடையாது. வாசலில் மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பிப் போட்டிருந்தேன், அவன் வருவதற்காகக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

இரண்டு மணிக்கு வந்தான். குழந்தைகளைக் கூட்டிவர மூன்று மணிக்குப் பேருந்தை எடுக்க வேண்டும் என்றான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"அன்னைக்கு நான் பண்ணது தப்புப்பா. ரோஸலி போன்ல அழுதா. எனக்கு வாய் நீளம், மூளை கொஞ்சம் கம்மி. மனசுல வச்சிக்காத."

"பரவாயில்ல. படு."

"ஷூவைக் கழட்டணுமா?"

"வேண்டாம். கையை நெஞ்சுமேல வச்சிக்க. கண்ணை மூடு, அப்பத்தான் முதுகுக்குத் தெரியும்."

சொன்னபடி செய்தான். பெரிய உடம்பு, குழந்தை மாதிரி படுத்திருந்தான். "அடேயப்பா, சொர்க்கம்ப்பா இது" என்றான். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டான். இந்த முறை கிண்டல் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சிக்க மாட்டியே? நெசமாவே யாருக்கு ஹார்லன் பயப்படுற? எங்கிட்ட சொல்லு. எவனா இருந்தாலும் நான் கூட வரேன்."

இரண்டு முறை சுட்டேன். ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அதிர்வே தெரியாது என்று சொல்லித்தான் அந்த ரகத்தை விற்போம். அது பொய் இல்லை, மெத்தை அசையவே இல்லை. பிறகு உங்கள் காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். நீங்கள் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

இனி வக்கீலின் கதை. பாஸ்கம் என்னைவிட நாற்பது கிலோ கூடுதல். நாற்பது பேர் பார்க்க என்மேல் ஏற்கெனவே கை வைத்தவன். கடையில் தனியாக இருந்த என்னை நோக்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான், சுட்டதும் மெத்தைமேல் விழுந்தான். நேரில் பார்த்த சாட்சி இல்லை. பேருந்துக்காரன் கையை விரித்துக்கொண்டு வருவான் என்பதற்கு ஊரே சாட்சி. "நீங்க சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி" என்றார் வக்கீல். "என் உயிருக்குப் பயந்தேன்னு சொல்லுங்க. சட்டம் அதைத்தான் கேக்குது. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வரியைத்தான் நான் சொல்ல மாட்டேன்.

அதற்காகத்தானே இவ்வளவும். யாருக்குப் பயம் என்று கேட்ட ஒருவனைக் கொன்றுவிட்டு, அவனுக்குத்தான் பயந்தேன் என்று நீதிமன்றத்தில் நின்று சத்தியம் செய்யவா? ரோஸலி முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கவா? காலைக் காபிக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவா? லானியின் மனைவிக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வருத்தமா என்றால், அவன் வாயை மூடிக்கொண்டு கோழியைத் தின்றிருக்கலாம் என்கிற வருத்தம் உண்டு.

ஆகவே இப்படி எழுதுங்கள். நானே யோசித்தேன், நானே கூப்பிட்டேன். படுக்கச் சொன்னேன், கண்ணை மூடச் சொன்னேன், சுட்டேன். அவன் என் பக்கம் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. ஆயுள் முழுக்க உள்ளே வைப்பீர்களோ, அதற்கும் மேலே போவீர்களோ, உங்கள் இஷ்டம். அந்தத் தாளில் எந்த இடத்திலும் என் பெயருக்குப் பக்கத்தில் பயம் என்ற சொல் வரக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

முடிந்ததா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. இந்த நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள்ளலாமா ஐயா? இரண்டு மணி நேரமாகக் கதவு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. யாரோ வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். யார் என்று தெரியவில்லை. இடுப்பில் ஒன்றும் இல்லையா, இந்தக் கை ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.