பாதையில் பேசி முடித்த கலியாணம்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். ஆட்களை வாவிக்கு அக்கரை சேர்க்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரைக் கண்டாலும் எனக்கு மூச்சு முட்டும். அதனால் பாதையின் நடுவில், யாரோ ஒருவரின் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற குடைக்காரர் தன் கூட்டாளியிடம் கேட்டார்:

“இப்பிடி அடி வாங்கினவனுக்கு என்ட மகளைக் குடுக்கலாமா மச்சான்?”

“ஆரு, அந்தக் குத்துச்சண்டைப் பொடியனுக்கோ?”

“ஓம். கொழும்பில மூணு ரவுண்டும் அடி. ஒரு குத்துக்கூட ஒழுங்கா விடல்ல. நம்மட ஆக்கள்தான் சும்மா தலையில தூக்கி வெச்சிட்டாங்க.”

“விசர்க்கதை கதைக்காத. பெரியகல்லாத்துப் போட்டியில அவன்ட இடக்கைக் குத்தை நான் பாத்தனான். இந்தா, இப்பிடி!”

கூட்டாளி காற்றில் விட்ட அந்தக் குத்துக்கு எல்லோரும் ஒரு பக்கம் ஒதுங்க, பாதை சரிந்தது. நான் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். மற்றவர்கள் வெற்றிலை மென்றார்கள்.

“கொழும்பில விழுந்தானோ?”

“விழல்ல. கடைசி மணி அடிக்கும் மட்டும் நிண்டவன். மறுகா, சண்டை முடிஞ்சதும், அடிச்சவனையே கட்டிப்பிடிச்சிச் சிரிச்சவன்.”

“கலியாணம் முடிச்சா எங்க இருப்பான்?”

“இதென்ன கேள்வி? நம்மட வழக்கப்படி எங்கட வீட்டிலதான்.”

“உன்ட மனிசி மாமியாரா இருக்கிற வீட்டிலயோ?”

குடைக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார்.

“அப்ப இவன்தான் தோதான ஆள். நாளைக்கே நாள் பாப்பம்.”

பாதை கரை தட்டியது. சைக்கிளின் சொந்தக்காரர் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.