சிறு குறை

“ஆடிட்டர்னா பசிக்காதா மேடம்?”

“பசிக்கும் சார். ஆனா உங்க இடத்துல தண்ணியைத் தவிர எதையும் தொடக்கூடாது. எங்க ரூல்.”

“அப்ப உங்க டப்பாவை நீங்க திறங்க, என் டப்பாவை நான் திறக்கறேன். நடுவுல இந்த ஸ்கேலை வெச்சுடலாம். நான் தாண்டினா ரிப்போர்ட்ல எழுதிடுங்க.”

“ஸ்கேல் உங்களுதாச்சே சார். அதையும் நான் தொடக்கூடாது.”

சந்திரன் சிரித்தார். அத்திபெலேயில் அவருடைய மர அறுவை மில்லின் ஆபீஸ் அறையில், ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மதியம் நாங்கள் முதன்முதலாகப் பேசியது அதுதான். இதெல்லாம் கேஸுக்குத் தேவையா என்று நினைப்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஷில்பா மேடம். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். முதல் அங்கேதான் இருக்கிறது.

என் பெயர் சுப்புலக்ஷ்மி. வயது நாற்பத்தாறு. பொம்மனஹள்ளியில் வாடகை வீடு, வைட்ஃபீல்டில் ஆபீஸ். கல்யாணம் ஆகவில்லை. நீங்கள் கடையில் ஒரு நாற்காலி வாங்கினால் அதன் அடியில் பச்சை முத்திரை ஒட்டியிருக்கும், காட்டை அழிக்காமல் வந்த மரம் என்று. அந்த முத்திரையைக் கொடுக்கலாமா கூடாதா என்று வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த முத்திரை இல்லாவிட்டால் சந்திரனுடைய பலகையை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்காது. மில்லை மூட வேண்டியதுதான். நாற்பது குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. நான் செய்த எல்லாவற்றையும் அந்த நாற்பது குடும்பங்களை நினைத்துத்தான் செய்தேன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சந்திரன் மனைவியை இழந்தவர். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். நான் போகும் நாளில் ரம்பங்களை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிடுவார், எனக்குத் தலைவலி வரும் என்று ஒருமுறை சொன்னேன் என்பதற்காக. அவரிடம் நான் கேட்க நினைத்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் கேட்க வாயெடுப்பேன். “சர்டிபிகேட் வரட்டும் மேடம், மத்ததெல்லாம் அப்புறம் நிதானமா பேசலாம்” என்பார். உறவுக்காரர் மில்லை நான் சோதிக்க முடியாதல்லவா. வேறு ஆள் வந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் நானும் காத்திருந்தேன்.

ஒரே மில்லுக்கு ஒரே ஆள் மூன்று முறைக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி. நான்காவது வருடம் எங்கள் ஆபீஸ் ஸ்னேஹா போக வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரி, ஓசூர் ரோட்டு டிராபிக்கில் என்ன பாடுபடுவாள் என்று அவளுக்குப் பதில் நானே போகிறேன் என்றேன். “நீங்க தெய்வம் மேம்” என்று ஒரு கேக் வாங்கிக் கொடுத்தாள். நன்றாக இருந்தது. ஐந்தாவது வருடமும் அதே போல நானே போனேன்.

மில்லில் வேலை செய்த எல்லம்மா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்கு மூன்றாவது வருடமே தெரியும். நூறு கன அடி மரத்தை அறுத்தால் ஐம்பத்தைந்து, அறுபது கன அடி பலகை கிடைக்கும். மீதி மரத்தூளும் சிம்புமாகப் போய்விடும். அவர் மில்லில் எண்பது கிடைத்தது. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் என்று காகிதம் இருந்த மரத்தோடு, காகிதம் இல்லாத மரமும் உள்ளே வருகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ‘ரம்பம் புதிது, சேதம் குறைவு’ என்று எழுதினேன். சந்திரன் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

வேலை செய்பவர்களிடம் முதலாளி இல்லாமல் தனியாகப் பேசுவது எங்கள் முறை. மரத்தூள் குவியலுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரச் சொல்வேன். ‘நீங்கள் சொல்வது முதலாளிக்குப் போகாது, உங்கள் பெயர் எங்கும் வராது’ என்று அச்சடித்த தாளைப் படித்துக் காட்டுவேன். அதைத் தமிழில் எழுதியதே நான்தான். நான்கு வருடமாக எல்லம்மா அதைக் கேட்டுவிட்டு, “எல்லா சென்னாகிதெ அக்கா”, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். இந்த வருடம் உட்கார்ந்தாள்.

“அக்கா, நெஜமா ஓனர்கிட்ட போவாதா?”

“போகாது.”

சாப்பாட்டுப் பையிலிருந்து வட்டமாக ஒரு மரவில்லையை எடுத்தாள். இரண்டு விரல் கனம். நடுவில் கருஞ்சிவப்பு. ஈட்டி மரம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஓரத்தில் கோடாரியால் போட்ட ஒரு குறி.

“காட்டுலேர்ந்து வர்ற தடிங்களுக்கு இப்டி குறி இருக்கும். நுனிய அறுத்துட்டு வேற நம்பர் பெயிண்ட் அடிக்கறதுதான் என் வேல. அறுத்தத சூடு பாத்திரம் வெக்க வூட்டுக்கு எடுத்துனு போவேன். வூட்டுல இன்னும் பத்து இருக்குது. இது வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப காட்டாண்ட லோடு ஏத்தினதுக்கு என் தம்பிய புடிச்சி உள்ள போட்டுட்டாங்கோ. அவன் மரத்த பாத்தது ஒரு நாளு. ஓனரு பாக்கறது டெய்லி. அவரு ஏசி கார்ல போறாரு. இது நியாயமா, சொல்லு?”

நியாயமில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். என் நோட்டில் ‘பணியாளர் 4’ என்று மட்டும் எழுதினேன்.

அன்று மாலை வில்லையைச் சந்திரனின் மேஜைமேல் வைத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டார். பெயர் சொல்லக்கூடாது என்றேன். சொல்லவும் இல்லை. அந்த விஷயத்தில் என்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இடது கையில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்கிறவள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை மில் லீவு. காலைல பத்து மணிக்கு அவங்க மூணாவது அடுக்குகிட்ட நிக்கணும். நான் கூப்ட்டா வரமாட்டாங்க. நீங்க கூப்ட்டா வருவாங்க” என்றார். நான் காரணம் கேட்கவில்லை. தடிகள் உருளாமலிருக்க அடியில் அடைக்கட்டை வைத்திருப்பார்கள். மூன்றாவது அடுக்கில் அது இரண்டே இரண்டு. அன்று காலைதான் எண்ணியிருந்தேன்.

சனிக்கிழமை எல்லம்மாவுக்குப் போன் செய்தேன். குறிகளைப் போட்டோ எடுக்க வேண்டும், யாரிடமும் சொல்லாமல் வா என்றேன்.

“நீ வருவல்ல அக்கா? தனியா நிக்க பயம்மா இருக்கும்.”

“வருவேன்.”

வந்தேன். சொன்ன சொல்லை நான் மீறியதில்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தேன். சந்திரன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் கையால் வாங்கிக் குடித்தேன். விதியை மீறினேன் என்றால் அந்த ஒரு இடத்தில்தான் மீறினேன். அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. பத்து மணிக்கு அவர் எழுந்து வெளியே போனார். லோடு இறக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. அவர் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். “டீ ஆறிடுச்சா?” என்று கேட்டார். அந்த நேரத்திலும் என் டீ அவர் நினைவில் இருந்தது, மேடம்.

அளவு எடுக்க வெளியே போனேன். தடிகளுக்கு நடுவில் மஞ்சள் துணி மட்டும் தெரிந்தது. விரல்கள் அசைந்தன. “அக்கா” என்று கூப்பிட்டது போலவும் இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டியது மில் முதலாளியின் பொறுப்பு. ஆடிட்டர் பார்க்கலாம், எழுதலாம், எதிலும் தலையிடக்கூடாது. டேப்பை வைத்து அளந்தேன். உயரம் பன்னிரண்டு அடி. எட்டடிக்கு மேல் அடுக்கக்கூடாது. விரல்கள் நிற்பதற்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அவர் போன் செய்தார்.

எங்கள் ரிப்போர்ட்டில் குறைகள் இரண்டு வகை. பெரிய குறை என்றால் சர்டிபிகேட் நின்றுவிடும். சிறு குறை என்றால் மூன்று மாதத்துக்குள் சரிசெய்தால் போதும். ‘அடுக்கின் உயரம் அதிகம், விபத்து ஒன்று நேர்ந்துள்ளது: சிறு குறை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்டிபிகேட் புதுப்பிக்கப்பட்டது. நாற்பது குடும்பங்கள் பிழைத்தன. எல்லம்மாவின் குடும்பத்தைச் சேர்த்தால் நாற்பத்தொன்று. அதைச் சேர்க்கத்தான் வேண்டும்.

அவள் வீட்டில் பத்து வில்லைகளும், அவள் போனில் என் நம்பரும் கிடைத்ததாகச் சொன்னீர்கள். சந்திரன் கொடுத்த வாக்குமூலத்தையும் படித்துக் காட்டினீர்கள். ‘ஆடிட்டர் மேடத்தோடு எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. வருஷத்துக்கு ஒருதரம் வருவாங்க. அன்னிக்கு ஏன் வந்தாங்கன்னே தெரியாது.’ அதைப் படிக்கும்போது நீங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தீர்கள். தேவையில்லை. அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். பழக்கம் உண்டு என்று தெரிந்தால் நான் போட்ட ஐந்து கையெழுத்தும் செல்லாது. அவ்வளவு தூரம் யோசிக்கக்கூடியவர்.

எல்லம்மாவை வரவழைத்தது நான். எதற்கு என்று தெரிந்தே வரவழைத்தேன். அவள் கூப்பிட்டபோது பக்கத்தில் நின்றேன். இதில் எதையும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் இருங்கள். இதை எழுத வேண்டாம். இத்தனை வருடம் மனதிலேயே வைத்திருந்துவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

“நாளைக்கு அவர் ஸ்டேஷனுக்கு வருவார்னு சொன்னீங்களே மேடம், எனக்காக ஒண்ணே ஒண்ணு அவர்கிட்ட கேளுங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கறாரான்னு கேளுங்க.”