பழைய விலாசத்துக்குப் போன நோட்டீஸ்

காந்திபுரத்திலிருந்து அவிநாசிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு ஃபைல் இருந்தது.

“நான் டெல்லிக்குப் போறேன் அம்மணி. எங்க வக்கீலுக்காகப் பேசோணும்” என்றார் அவர்.

இளையவர் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க்கா, அந்தாளு மேல புகார் குடுத்ததே நீங்கதானுங்களே! வாய்தாவுக்கு அவன் போகாமத்தானே உங்க வெள்ளாமைக் காடு அடுத்தவங்களுக்குத் தீர்ப்பாச்சு?”

“ஆமா. வக்கீலுங்கள விசாரிக்கற கமிட்டி, ஒரு வருசத்துக்குக் கோர்ட்டுல நிக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இப்ப டெல்லில அப்பீல் பண்ணியிருக்காரு. கமிட்டி விசாரணைக்கு நோட்டீஸே வரலைங்கறாரு.”

“புளுகறான்.”

“இல்ல அம்மணி. அவரு ஆபீஸ் மாத்திப்போட்டாரு. அது தெரிஞ்சும் நான் புகார்ல பழைய விலாசத்த எழுதிப்போட்டேன். நோட்டீஸ் அங்கதான் போயிருக்கு.”

“அதைய எதுக்குங்க்கா சொல்றீங்க? கம்முனு இருங்க. அவன் தப்பிச்சுக்குவான்.”

“தப்பிக்கட்டும், மாட்டட்டும். கூப்பிட்டு வெச்சுக் கேக்கட்டும். வாய்தாவுக்கு ஏன் போகலைன்னு நானும் நேராவே கேக்கறேன்.”

“காடு போச்சே, வயிறு எரியலீங்களா?”

“எரியுது. நம்மளக் கேக்காமயே தீர்ப்புச் சொன்னா எப்படி எரியும்னு எனக்குத் தெரியுமே, அம்மணி.”

என் ஸ்டாப் வந்தது. அந்த அம்மாவின் மேல் என் பை பட்டுவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.