'வேண்டாம்' பட்டன்

— மறுபடியும் வெப்சைட் பக்கம் பூரா எழுத்தா அடைச்சு வச்சிருக்கியேம்மா. வெளிநாட்டுக்குப் போட்ட பக்கத்தைப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!

— அவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் நம்பிக்கை வருது சார். நம்மாளுங்களுக்குக் காலியா இருந்தா, கம்பெனியையே காலி பண்ணிட்டு ஓடிட்டாங்களோன்னு பயம். இன்சூரன்ஸ் வேற. ஏழாவது தடவையா மாத்தியாச்சு, விட்டுடுங்க.

— ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரே கம்பெனி, ஒரே பாலிசி, ரெண்டு நாட்டுக்கு ரெண்டு வெப்சைட் எதுக்குன்னு திங்கட்கிழமை மீட்டிங்ல கேப்பாங்க. நீதான் நின்னு பதில் சொல்லணும்.

— திங்கட்கிழமை லீவு கேட்டிருக்கேன் சார். அக்காவுக்கு ஆபரேஷன். மூணு வாரமா கேக்குறேன்.

— அதான் பாக்கலாம்னு சொன்னேனேம்மா. ஆமா, இங்க 'சேருகிறேன்' இருக்கு, 'வேண்டாம்' பட்டனைக் காணோமே?

— எடுத்துட்டேன்.

— எடுத்துட்டியா! அந்த நாட்டுக்கு மட்டும் இருக்கே?

— அங்க பிடிக்கலன்னா பட்டுனு அமுக்கிட்டுப் போயிடறாங்க. இங்க பன்னெண்டு பேரை உக்கார வச்சுப் பாத்தேன். ஒருத்தர்கூட அதைத் தொடல. ஒரு அம்மா விரலைக் கிட்ட கொண்டு போயிட்டு இழுத்துக்கிட்டாங்க. "இவ்வளவு மரியாதையா கேக்குறாங்க, மூஞ்சில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது"ன்னாங்க.

— அப்ப பாலிசில சேந்துட்டாங்களா?

— எங்க சேந்தாங்க! போனைக் கவுத்து வச்சுட்டாங்க.

— அடக்கடவுளே. அப்புறம்?

— 'பார்க்கலாம்'னு ஒரு பட்டன் வச்சேன். ஒன்பது பேர் நிம்மதியா அமுக்கினாங்க.

— பலே! அந்த ஒன்பது பேரையும் விடாதே, போன் போட்டுக் கேளு.

— போட்டேன் சார். ஒருத்தரும் எடுக்கல. அதனால 'பார்க்கலாம்' அமுக்கினாலும் 'வேண்டாம்'னே கணக்குல ஏறுற மாதிரி பண்ணிட்டேன்.

— ரெண்டும் ஒண்ணுங்கிறியா?

— இங்க ஒண்ணுதான். சொல்றவங்களுக்கும் தெரியும், கேக்குறவங்களுக்கும் தெரியும். எனக்குத்தான் புரிய மூணு வாரம் ஆச்சு.

— குத்திக் காட்டாதம்மா. எனக்கும் மேல ஆள் இருக்கு.

— குத்தல சார், அலுத்துப்போச்சு. அக்காவுக்குக் கையெழுத்துப் போட என்னை விட்டா ஆள் இல்ல. போகட்டுமா, வேண்டாமா? வாயைத் திறந்து சொல்லிடுங்க.

— நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்? பாக்கலாம்மா. ஞாயித்துக்கிழமை ஒரு போன் போடு.

— சரி சார்.

— கோவிச்சுக்காத. ஒண்ணு சொல்றேன் கேளு, திங்கட்கிழமை ஒன்பதுக்கு மீட்டிங். நீ எட்டரைக்கே வந்துடுவேல்ல?

— பாக்கலாம் சார்.