படுக்கை எத்தனை என்று கேட்ட கடிதம்

தம்முடைய தோல் ஷாப்பின் கிழக்குக் கொட்டகையை நம் ஆய்வுக்கூடத்துக்கென்று மனமுவந்து விட்டுக்கொடுத்து, இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கும் பெருந்தகை வாஹித் பாஷா சாகிப் அவர்களே! மூன்றாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்று தொடங்கும் இந்தப் பட்டப்படிப்பை இழுத்துவந்து கரை சேர்த்த எங்கள் இயக்குநர், பேராசிரியர் சத்தியநாதன் அவர்களே! ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் பெற்றெடுத்த பெரியோர்களே! சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்று நின்று விரல் வெளுத்த என் உழைக்கும் தோழர்களே! பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கண்ணைத் துடைப்பது யாருக்கும் தெரியக்கூடாதென்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பந்தல் காலில் சாய்ந்து நின்று, ‘இந்த ஆளு எப்போ முடிப்பாரு’ என்று என்னையே பார்க்கும் இளைஞர்களே! எல்லோரையும் வணங்குகிறேன். வணங்கிய கையோடு, உங்களில் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வந்திருக்கிறேன்.

யாரிடம் என்கிறீர்களா? சொல்கிறேன். பிரியாணி ஆறாது, பாஷா சாகிப் வீட்டு டேக்சாவுக்கு நான் பொறுப்பு. கொஞ்சம் பொறுங்கள்!

என் பெயர் கிருபானந்தம். பல்கலைக்கழகத்தின் ஆம்பூர் விரிவு மையத்தில் தலைமை எழுத்தர். பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு ஒரே வேலை, கடிதம் வரைவது. என் கடிதத்தில் ஓர் ஆங்கிலச் சொல் கிடையாது. ஒற்றுப்பிழை கிடையாது. அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. அதோ, இயக்குநர் சிரிக்கிறார். அவருக்குத் தெரியும்!

அன்பர்களே! ஒரு பட்டம் எப்படிப் பிறக்கிறது என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பல்கலைக்கழகம் நினைத்தால் நாளைக் காலையே ஒரு படிப்பைத் தொடங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியாது! முதலில் பாடத்திட்டக் குழு கூடவேண்டும். எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எத்தனை தேர்வு என்று அது முடிவு கட்டவேண்டும். பிறகு கல்விப் பேரவை கூடும். ‘இதைப் படித்தவன் பட்டதாரியா, வெறும் தொழிலாளியா?’ என்று அங்கே ஒருவர் கேட்பார். அதற்கு எங்கள் சத்தியநாதன் அவர்கள் எழுந்து நின்று முக்கால் மணி நேரம் பதில் சொல்வார். பிறகு ஆட்சிக்குழு. பிறகு நேரில் வந்து பார்க்க மூன்று பேராசிரியர்கள். இத்தனை படியும் ஏறிய பிறகுதான் பல்கலைக்கழகம் அரசுக்கு எழுதும். அரசு ஆணை பிறப்பித்தால்தான் பட்டம் பட்டமாகும். அதுவரை அது வெறும் ஆசை!

அந்த மூன்று பேராசிரியர்கள் வந்த நாளை மறக்கமுடியுமா? தோல் ஷாப்புக்குள் நுழைந்ததும் மூன்று கைக்குட்டைகளும் மூன்று மூக்குக்கும் போய்விட்டன. தொட்டியோரம் தோலை அலசிக்கொண்டிருந்த முனியம்மா நிமிர்ந்து பார்த்தார். “இன்னா சார், மூக்க மூடிக்கினு வந்தா இன்னாத்த தெரிஞ்சிக்குவீங்கோ? வாசன பாத்துத்தானே தோலு சுண்ணாம்புல வெந்துச்சா, வேகலையான்னு நாங்க சொல்றோம்!” என்றார். மூவரில் மூத்தவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தொட்டி தொட்டியாக நின்று மோந்து பார்த்தார். மாலையில் அறிக்கையில் என்ன எழுதினார் தெரியுமா? ‘இங்கே ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்’ என்று எழுதினார். கைதட்டுங்கள் அய்யா, முனியம்மாவுக்காகக் கைதட்டுங்கள்!

அந்த முனியம்மாவின் மகள் அமிர்தவள்ளி. நகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள். வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றெழுபத்தாறு. மேலே படிக்கவைக்க வழியில்லாமல் மூன்றாண்டாக அம்மாவோடு அதே தொட்டியில் நின்றாள். சுண்ணாம்பு ஏன் மயிரை விடுவிக்கிறது, ஆவாரம்பட்டை ஏன் தோலைக் காக்கிறது என்று மேஸ்திரியைக் கேட்டுக் கேட்டு, ‘வேலையப் பாரு’ என்று திட்டு வாங்கியவள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லும் படிப்பு, அவள் வீட்டிலிருந்து நடந்துவரும் தூரத்தில் வரப்போகிறது என்றால், அவள் விடுவாளா?

ஆனால் அன்பர்களே, இந்தப் படிப்புக்கு வயது வரம்பு ஒன்று உண்டு. ஜூலை முதல் தேதியில் இருபத்தொன்று நிறைந்திருக்கக் கூடாது. அமிர்தவள்ளிக்கு வருகிற செப்டம்பரில் இருபத்தொன்று நிறைகிறது. இந்த ஆண்டு ஜூலை முப்பத்தொன்றுக்குள் சேர்க்கை நடந்தால் அவள் மாணவி. நடக்காவிட்டால் அடுத்த ஆண்டு அவளுக்கு இடமில்லை. எந்த ஆண்டும் இடமில்லை!

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

சென்ற அக்டோபரில் பல்கலைக்கழகம் அரசுக்கு அனுப்பிய கடிதத்தை வரைந்தவன் நான். பொருள் என்ற இடத்தில் படிப்பின் பெயரை எழுதவேண்டும். எல்லோரும் ‘லெதர் டெக்னாலஜி’ என்றார்கள். நான் விடுவேனா? தமிழ்நாட்டு அரசுக்குத் தமிழன் எழுதும் கடிதத்தில் லெதரா? எட்டு நாள் யோசித்தேன். நறுக்கென்று, நாலே எழுத்தில், நானே ஒரு சொல் கண்டேன். ‘தோலியல்’! உயிர் படித்தால் உயிரியல். மண் படித்தால் மண்ணியல். தோல் படித்தால் தோலியல். அன்று இரண்டு காபி குடித்தேன்.

அக்டோபர் போனது. பொங்கல் போனது. பங்குனி போனது. பதிலே இல்லை. ஜூன் இரண்டாம் வாரம் ஓர் உறை வந்தது. பிரித்தேன். மருத்துவத்தைக் கவனிக்கும் துறையிலிருந்து கடிதம். அதில் ஒரே கேள்வி. ‘உத்தேசத் தோலியல் பிரிவில் உள்நோயாளிகளுக்கான படுக்கைகள் எத்தனை?’

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள்மேல் என்ன தவறு? தோலியல் என்றால் சொறி சிரங்குக்கு வைத்தியம் என்றுதான் எவரும் படிப்பார். அது தெரியாத கோபத்தில், உடனே பதில் வரைந்தேன். ‘எங்களிடம் வருபவை அனைத்தும் உயிர்போன பிறகே வருகின்றன, ஆகவே படுக்கை தேவைப்படவில்லை.’ கையெழுத்துக்கு வைத்தேன். இயக்குநர் படித்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

“கிருபானந்தம், இன்னா எழுதி வச்சிருக்கீங்க? எட்டு மாசமா நம்ம ஃபைலு ஆஸ்பத்திரில படுத்துனு இருக்குது. நீங்க இன்னும் ரெண்டு மாசம் படுக்கப் போடுறீங்களே!”

அதே வாரம் அமிர்தவள்ளி விண்ணப்பத்தோடு வந்தாள். ஆணையை எதிர்பார்த்து விண்ணப்பம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். சேர விரும்பும் படிப்பு என்ற இடத்தில், ‘தோலப் பதம் போடுற படிப்பு’ என்று எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதினேன். அவள் அதைப் பார்த்தாள். “ஆர்டர் எப்ப சார் வரும்?” என்று மட்டும் கேட்டாள். அவள் கண்ணைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஜூலை பதினொன்று, விண்ணப்பக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். கோட்டைக்குள் போனேன். அடேயப்பா! எத்தனை நடைவழி, எத்தனை மேசை, எத்தனை கோப்பு! ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் பேரே தெரியாத ஊருக்காகக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அங்கே கல்விப் பிரிவில் ஆக்னஸ் என்று ஓர் உதவியாளர் அம்மையார். கோப்பைத் தேடி வரவழைத்து, என் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“சார், ஒடம்பு மேல இருக்குறதும் தோலு, செருப்புல இருக்குறதும் தோலு. எந்தத் தோலுன்னு நாங்க எப்படி சார் கண்டுபுடிக்கிறது? லெதர்னு போட்டுடலாமா?”

“அது மட்டும் வேணாம்மா. நான் உசுரோட இருக்கற வரைக்கும் முடியாது.”

“அப்ப வேற தமிழ் வார்த்தை குடுங்க, குறிப்புல திருத்தம் போட்டு மேல அனுப்பறேன்.”

சருமவியல் என்றேன். “அது இன்னும் ஆஸ்பத்திரி சார்” என்றார். பழந்தமிழில் தேடி உரிவையியல் என்றேன். “அதப் படிக்கறதுக்கே தனியா ஒரு பட்டம் வேணும் சார்” என்றார். பத்தொன்பது ஆண்டுத் தமிழ் அங்கே பல்லிளித்தது, அன்பர்களே!

அம்மையார் என் கையிலிருந்த கட்டைப் பிரித்தார். முதல் விண்ணப்பத்தை எடுத்தார். அகர வரிசையில் அடுக்கியது நான்தானே, முதலில் இருந்தது அமிர்தவள்ளி. வாய்விட்டுப் படித்தார். “தோலப் பதம் போடுற படிப்பு... பதம் போடுறது... பதனிடுறது... தோல் பதனிடுதல்! சார், இதுல எந்தத் துறைக்கும் சந்தேகமே வராதே! இந்தா, கையிலயே வச்சினு இருக்கீங்களே!” சிவப்புப் பென்சிலையும் பார்த்தார். “இத யாரு சார் கொச்சைன்னு எழுதினது?” என்று கேட்டார்.

நான்தான் என்று சொன்னேன். அங்கே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

அவர் அரைப்பக்கம் எழுதினார். அந்த அரைப்பக்கம் எழுந்து நடந்தது அய்யா! பிரிவு அலுவலர் படித்தார். சார்புச் செயலாளர் படித்தார். துணைச் செயலாளர் படித்தார். நிதித்துறைக்குப் போய் இசைவு பெற்றுத் திரும்பியது. செயலாளரிடம் போனது. அமைச்சரிடம் போனது. பெரம்பூரில் மைத்துனர் வீட்டில் தங்கி, பதினெட்டு நாள் அந்த நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அரசாங்கம் என்றால் வானத்தில் இருப்பது என்று நினைத்திருந்தேன். இல்லை! அது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் மனிதர்கள். யாரும் ஆம்பூரைப் பார்த்ததில்லை. யாரும் அமிர்தவள்ளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொருவர் கையெழுத்தும் அவளை ஒரு படி மேலே தூக்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது.

ஜூலை இருபத்தொன்பது, ஆணை பிறந்தது! ரயிலில் உட்கார்ந்து படித்தேன். ‘தோல் பதனிடு தொழில்நுட்பவியல் என்னும் இளநிலைப் பட்டப்படிப்பை இக்கல்வியாண்டு முதல் தொடங்க அரசு அனுமதித்து ஆணையிடுகிறது.’ கீழே, ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று இருந்தது. எண்ணிப் பாருங்கள்! தொட்டியில் நின்ற ஒரு பெண் எழுதிய சொல். தலைமை எழுத்தன் அடிக்கோடிட்ட சொல். அந்தச் சொல் இன்று ஆளுநரின் ஆணை! இதைவிட அதிசயம் எந்த ஊரில் நடந்தது? எந்தக் காலத்தில் நடந்தது?

மறுநாள் காலை நேரே தோல் ஷாப்புக்குப் போனேன். தாளைக் காட்டினேன்.

“ஆர்டர் வந்துட்ச்சா சார்?”

“வந்துட்ச்சும்மா. நீ எழுதின வார்த்தையோட வந்துட்ச்சு.”

“நான் இன்னா சார் எழுதினேன்?” என்றாள். அவளுக்கு நினைவே இல்லை! ஈரக் கையோடு தாளைத் தொடக்கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து படித்தாள். முனியம்மா மட்டும் என்னைப் பார்த்து, “இன்னாத்துக்கு சார் நீ அழுவுற?” என்றார்.

அமிர்தவள்ளி, இத்தனை பேர் நடுவே கேட்கிறேன். என் செருக்கு உன் வயதைத் தின்னப் பார்த்ததம்மா. என்னை மன்னித்துவிடு. தமிழ் என் மேசையில் இருப்பதாக எண்ணியிருந்தேன். அது உங்கள் தொட்டியோரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

தலைவருக்கும், இயக்குநருக்கும், வராதபோதும் வாழ்த்து அனுப்பிய ஆக்னஸ் அம்மையாருக்கும், வெயிலில் பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும் என் நன்றி. குத்துவிளக்கை ஏற்றியாகிவிட்டது. ஆனால் விளக்கு ஏற்றினால் வகுப்பு தொடங்கியதாகாது என்பார் எங்கள் இயக்குநர். வருகைப் பதிவேட்டில் முதல் பெயரைக் கூப்பிட்டால்தான் தொடக்கம். அந்தப் பேற்றை இந்த எழுத்தனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அமைதி, கொஞ்சம் அமைதி!

முதலாண்டு. இளநிலை தோல் பதனிடு தொழில்நுட்பவியல். வரிசை எண் ஒன்று. மு. அமிர்தவள்ளி!

என்னம்மா? எழுந்து நின்று சொல். பின்வரிசையில் உன் அம்மாவுக்குக் கேட்கவேண்டாமா?

கேட்டதா, முனியம்மா? ‘உள்ளேன் ஐயா’ என்கிறாள். எழுதிக்கொண்டேன். வணக்கம்.