நெவில் ஒளித்த சுவிட்ச்

ஹலோ... ஹலோ, டெஸ்மண்டா?... நான் பெரில். நெவில் வீட்டு பெரில்... ஆமா, ஆமா, நானேதான். வச்சிடாத. திட்டறதுக்குக் கூப்பிடல. தயவுசெஞ்சு வச்சிடாத...

ம்... ம்... ஆமாப்பா, ஆஸ்பத்திரிலதான். தூக்கத்துலயே போயிட்டாரு... இல்ல, ரொம்பக் கஷ்டப்படல... சரி, அதெல்லாம் அப்புறம் பேசலாம். இப்ப எனக்கு அழக்கூட நேரமில்ல. டெஸ்மண்ட், லாரி கிளம்ப மாட்டேங்குது...

எந்த லாரியா? நெவிலோட பெட்ஃபோர்டுதான், வேற எது... ஆமா, இன்னிக்குத்தான் அடக்கம்... ஆமா, அதுலதான் போகணும். பெட்டிய மேல ஏத்தியாச்சு, பூ வச்சாச்சு. நம்ம பழைய பட்டாளத்து வண்டி கிளப் ஆளுங்க எல்லாம் தொப்பியப் போட்டுக்கிட்டு மழைல வரிசையா நிக்கிறாங்க. மனுஷன் நிம்மதியாப் படுத்திருக்காரு. நாங்கதான் வண்டியச் சுத்திச் சுத்தி வரோம்...

பேட்டரியா? அத முதல்லயே பாத்தாச்சு... பெட்ரோல் இருக்கு, நிறைய இருக்கு... சுத்தியாச்சு, கைப்பிடி போட்டும் சுத்தியாச்சு. கிளப் கெய்த் சுத்திச் சுத்தி இடுப்பு பிடிச்சுப்போய் வாளி மேல உக்காந்திருக்கான். கரண்டே போகலைன்னா எவ்வளவு சுத்தி என்ன?

அதான். அதேதான். மறைவு சுவிட்ச்...

பட்டாளத்து வண்டிக்குச் சாவின்னு ஒண்ணு வச்சுத் தொலைச்சிருந்தா எனக்கு இந்த கதி வந்திருக்குமா? எவன் வேணா ஏறிப் பட்டனை அமுக்கினா கிளம்பிடும். அதுக்குத் திருடன் பயம். அதுக்காக ஆளாளுக்கு ஒரு சுவிட்ச எங்கயாவது ஒளிச்சு வச்சுக்கிறீங்க, கட்டின பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லாம...

சீட்டுக்கு அடியிலயா? தெரியும்பா. நீயும் அவருமாச் சேந்துதானே அங்க வச்சீங்க? நான்தான டீ போட்டுக் குடுத்தேன். இப்ப அங்க இல்ல. வெறும் திருகு ஓட்டைதான் இருக்கு...

மாத்திட்டாரு... எப்பவா? நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்ட அந்த வாரமே. ஏன்னு வேற நான் சொல்லணுமா? உனக்குத் தெரிஞ்ச இடத்துல அது இருக்கக் கூடாதாம்...

ஹலோ?... ஹலோ, இருக்கியா?...

ம். எனக்கும்தான் சங்கடமா இருக்கு, என்ன பண்ண? துளை போடுற மிஷினை எடுத்துக்கிட்டு நாள் முழுக்க வண்டிக்குள்ளயே கிடந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டா வரல. எங்கய்யா வச்சேன்னு கேட்டேன். சொன்னா நீ அவன்கிட்ட உளறிடுவேன்னாரு...

சரி, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு... சரி, நீயே ஆரம்பிச்சிட்ட. நீ சொன்னது பொய்னு நான் என்னிக்காவது சொன்னேனா? அவர் மாட்டியிருந்த முன்விளக்கு உலக யுத்தத்துக்கு அப்புறம் வந்த மாடல்தான். எனக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அத அவர் காதோட சொல்லணும், டெஸ்மண்ட். கண்காட்சிப் போட்டில நடுவரக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா காட்டுவாங்க? கடைசில கோப்பை யாருக்குப் போச்சு? ஒரு ஜீப்புக்கு. அமெரிக்க ஜீப்புக்கு. ராத்திரியெல்லாம் அதச் சொல்லிச் சொல்லியே புரண்டாரு...

சரி, சரி, சரி. விடு. நீ வருத்தப்படறது புரியுது. இப்ப எனக்கு வருத்தம் வேணாம், யோசனைதான் வேணும். அவர் புத்தி போற வழி உனக்குத்தான் தெரியும். எங்க வச்சிருப்பாரு?...

பேட்டரிப் பெட்டிக்குப் பின்னாடி... பாத்தாச்சு. பெட்ரோல் டின் மாட்டுற கொக்கிகிட்ட... இரு. நோரீன்! தண்ணி டின் இல்ல, பெட்ரோல் டின் மாட்டுற இடம், அங்க கை விட்டுப் பாரு... என் தங்கச்சிதான். பாவம், புதுக் கையுறையோட சேத்துல முட்டி போட்டிருக்கா... என்ன?... இல்லையாம். எலிக்கூடுதான் இருக்காம்...

சுவிட்ச விட்டுட்டு நேரா ஒரு வயரா? போட்டாச்சு, ஏன் போடல. கெய்த் போட்டான். குப்புனு புகை வந்துச்சு. அடக்கம் நடத்துற ஸ்கெல்டன் ஸார் மூஞ்சி வெளுத்துப் போச்சு. பெட்டி மேல இருக்கறப்ப இனி ஒரு பொறி பறந்தாலும் நான் இறக்கி என் கார்ல வச்சிடுவேன்னு சொல்லிட்டாரு. மொத்த வயரையும் அறுத்துப் பிரிக்கலாமான்னு இன்னொருத்தன் வந்தான். கையை ஒடிச்சிடுவேன்னேன். துணி சுத்தின பழைய மாதிரி வயரா தேடிப் புடிச்சு, ஒரு பனிக்காலம் பூராக் கோத்தாருப்பா அத. இன்னிக்கா அறுப்பாங்க...

நேத்தே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கடான்னு சொன்னேன். நெவில் வண்டி முதல் அமுக்குலயே கிளம்பும்னு எல்லாரும் பெருமை பேசினாங்க. பேசுவாங்க, அவர்தான கிளப்பிக் காட்டினாரு...

சர்ச்லேர்ந்து பாதிரியம்மா ஆள் அனுப்பிட்டாங்க. மத்தியானம் அங்க ஒரு கல்யாணம் இருக்கு, பொண்ணு வீட்டுக்காரங்க பூ கட்ட வந்துட்டாங்களாம். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. ஸ்கெல்டன் ஸார் கறுப்புக் கார் கதவத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாரு. பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வருது...

போகலாம், அதுல போகலாம். ஊரு உலகத்துல எல்லாரும் அதுலதான் போறாங்க. ஆனா ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷன் வேற எதையும் கேக்கல, டெஸ்மண்ட். என்னை சோபா போட்ட கார்ல ஏத்திடாத பெரில், என் வண்டிலயே கொண்டு போன்னாரு. சரின்னேன். அந்த ஒரு வார்த்தையக்கூட என்னால காப்பாத்த முடியலைன்னா, நாளைக்கு இந்த வீட்டுல நான் எப்படித் தனியா உக்காந்து சோறு திங்கிறது?...

இல்ல... இல்ல, அழல. மழை. இரு, கொட்டகைக்குள்ள வந்துடறேன்...

ம், இப்ப நல்லாக் கேக்குது. சொல்லு...

உன்னப் பத்தி எதாவது சொன்னாரான்னா... ஏன் கேக்கற?... நிஜத்தச் சொல்லவா? சொன்னாரு. நீ வரக் கூடாதுன்னாரு. அவன் வந்தா நான் பெட்டிக்குள்ளயே திரும்பிப் படுத்துக்குவேன்னாரு. அதான் உனக்குச் சொல்லி அனுப்பல. இப்பவும் நான் உன்ன அழைக்கல, பாத்துக்க. சுவிட்ச் எங்கன்னு மட்டும் யோசிச்சுச் சொல்லு, நான் வச்சிடறேன்...

டெஸ்மண்ட்...

டெஸ்மண்ட், அது என்ன சத்தம்?...

உன் பக்கத்துலதான். கடகடன்னு... வாஷிங் மிஷினாம். யார்கிட்ட கதை விடற? எத்தனை கண்காட்சில அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல கூடாரம் போட்டுத் தூக்கமில்லாமக் கிடந்திருக்கேன். அது உன் ஸ்காமெல் லாரி. எங்க இருக்க நீ?...

எங்க?...

வாய்க்கால் பாலத்துலயா? எங்க சந்து முனைலயா? காலைலேர்ந்தா?... மழைல, அந்தக் கதவில்லாத வண்டில?...

ம்... ம்... நாங்க தாண்டிப் போறப்ப ஓரமா நின்னு தொப்பியக் கழட்டிட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்னு. அவ்வளவுதானா? அவர் கண்ணுல படாம... பைத்தியக்காரா. அவருக்கு இனி யாரத் தெரியப் போகுது...

கொஞ்சம் இரு. மூக்கச் சிந்திக்கறேன்...

சரி. சொல்லு...

இழுத்துட்டுப் போறியா? நீயா? வேணாம். முடியாது. அதுக்கு அந்தக் கறுப்புக் காரே தேவல... டாங்கியவே இழுத்த வண்டின்னு தெரியும். அதப்பத்தி இல்ல பேச்சு. நெவில் ஒரு நாள் ஒரு பொழுது கயித்துல கட்டி வீடு வந்ததில்ல. நடு ரோட்டுல ஆக்சில் உடைஞ்சப்ப அங்கயே ரெண்டு நாள் படுத்துக் கிடந்து சரி பண்ணி ஓட்டிட்டு வந்தாரே தவிர, உனக்கு போன் பண்ணலையே. நீயும் சும்மா இருந்தியா? என்னிக்காவது ஒரு நாள் உன்ன நான் கட்டி இழுப்பேண்டான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிச் சிரிப்ப. இன்னிக்கு அவர் பதில் பேச முடியாமக் கிடக்கறப்ப அத நான் நடத்தி வைக்கவா? கிளப் பூராவும் பாத்துக்கிட்டிருக்கு...

ம்?... என்ன?... திருப்பிச் சொல்லு...

தள்ளறியா...

பின்னாடிலேர்ந்து... ம்... கயிறு இல்லாம... அவர் வண்டி முன்னாடி போகும், நீ பின்னாடி ஒட்டிக்கிட்டு வருவ... ரோட்டுல நிக்கிறவங்களுக்கு, கூட்டத்தோட வர இன்னொரு வண்டின்னு தோணும்...

டெஸ்மண்ட், இத நீ இப்ப யோசிச்சியா, இல்ல அங்க நின்னுக்கிட்டே... சரி, சரி. கேக்கல.

முடியுமா? நிஜமா முடியுமா? சர்ச் வரைக்கும் சமதரைதான், ஆமா. பாலம் ஒண்ணுதான் மேடு... ஸ்டியரிங்கா? நான்தான் பிடிப்பேன். வேற எவன் கைலயும் குடுக்க மாட்டேன்... பழக்கம் இருக்குப்பா, அந்த வண்டிய எத்தனையோ தரம் ஓட்டியிருக்கேன், அவர் பக்கத்துல உக்காந்து கத்துவாரு. இன்னிக்குக் கத்த ஆளில்ல... தெரியும், இன்ஜின் ஓடலைன்னா கால் பிரேக் கல்லு மாதிரிதான் இருக்கும். கை பிரேக் இருக்கு. பாலத்துல இறங்கறப்ப பிடிச்சு இழுத்துக்கறேன். நீ அங்க மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டு வா...

நடுவுல கட்டை வைக்கணுமா? ரயில் கட்டை ஒண்ணு கொண்டு வரியா? எதுக்கு?... பெயிண்ட்ல கோடு விழுந்துடுமாம். நீ இந்த ஜென்மத்துல திருந்த மாட்ட...

இல்ல, சிரிக்கறேன். சிரிப்புதான் வருது. ஆமாம்பா, கோணியும் சுத்து, நல்லாச் சுத்து. பின்பலகைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நீ. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பலகைதான்...

அவர் சொன்னதா? நீ வரக் கூடாதுன்னா? ஆமா, சொன்னாரு... ம்... சுவிட்ச் கிடைச்சிடுச்சுன்னா உடனே உனக்குச் சொல்லிடணுமா... அப்படியே திரும்பிப் போயிடுவியா... அவர் வார்த்தைய மீற மாட்ட. வண்டி தானாக் கிளம்பினா உனக்கு அங்க வேலை இல்ல. ம். சரி. சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்...

ஒரு நிமிஷம் இரு. யாரோ ஓடி வராங்க, போனப் பொத்திக்கறேன்...

என்ன, கெய்த்? மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவாச் சொல்லு.

எங்க?... தீயணைக்கிற சிலிண்டர் மாட்டுற தகட்டுக்குப் பின்னாடியா?... போட்டுப் பாத்தியா? விளக்கு எரியுதா?...

இல்ல, ஸ்டார்ட் பண்ணாத. பட்டன்லேர்ந்து கையை எடுக்கச் சொல்லு அவனை. சுவிட்சை அணை. ஆமா, அணை. திரும்பத் தகட்டை மாட்டு... தெரிஞ்சுதான் சொல்றேன், கெய்த். உனக்கு இடுப்பு வலிதானே, போய் உக்காரு. நோரீன்கிட்டயும் வாயத் திறக்க வேணாம்னு சொல்லு.

ஹலோ, டெஸ்மண்ட்?... இருக்கேன், இருக்கேன்... ஒண்ணுமில்லப்பா. பாதிரியம்மா ஆள் மறுபடியும் வந்திருக்காரு, அதான் சத்தம்...

இல்ல, கிடைக்கல...

எல்லா இடமும் தேடிட்டாங்க. இனி கிடைக்காது. நீ வந்து தள்ளினாத்தான் அவர் இங்கேர்ந்து நகர முடியும்... ஆமா. உன்ன விட்டா வேற ஆளில்ல... ம். வாசல் கேட்டை நான் திறந்து வைக்கிறேன். நேரா பின்னாடி கொண்டு வந்து நிறுத்து. தலையத் துடைச்சுக்கிட்டு வா, நனைஞ்சு போயிருப்ப.

வச்சிடறேன்.